முதல் குடம்

காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் பூமயில் செய்கிற முதல் வேலை, புருஷன் காலிலிருந்து புழுவை இழுப்பது. பங்குனி பிறந்ததிலிருந்து இதுதான் அவள் பிழைப்பாகிவிட்டது. கணுக்காலுக்கு மேலே கொப்புளம் உடைந்த இடத்தில் வெள்ளை நூல் மாதிரி அது தலை நீட்டியிருக்கும். தலையை ஓர் ஈர்க்குச்சியில் கட்டிவிட்டுத் தினம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அவசரப்பட்டால் உள்ளேயே அறுந்துவிடும். அறுந்தால் கால் வீங்கிச் சீழ் வைத்து ஆளைப் படுக்கையில் போட்டுவிடும். நரம்புச் சிலந்தி என்று அதற்குப் பேர் வைத்திருக்கிறார்கள். பேரில் என்ன இருக்கிறது, புழு புழுதான். மனுஷ உடம்புக்குள் ஒரு வருஷம் ஓசியில் குடியிருந்து, கை நீளத்துக்கு வளர்ந்து, அப்புறம் தோலைப் பொத்துக்கொண்டு வெளியே வருகிற புழு. அந்த நாற்றம் சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் விரலை விட்டுப் போகாது. அதே விரலால்தான் அவள் கேப்பை மாவு கரைத்தாள்.

"மெள்ள சுத்து பூமயிலு. உசுரு போகுது," என்றான் சோணைமுத்து.

"அசையாம இருங்க. அறுந்துச்சுன்னா ஆடி வரைக்கும் இப்படியே கெடக்க வேண்டியதுதான்."

"கொல்லையில மொளகாப் பழம் செவந்து கெடக்கு. நான் இங்கன கால நீட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கேன்."

"ஊருல எவன் நடக்கான், நீங்க நடக்க? வீட்டுக்கு ஒரு காலு நீட்டிக்கிட்டுத்தான் கெடக்கு."

அவள் சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை. போன பங்குனியில் நாலைந்து வீட்டில் இருந்த சீக்கு, இந்தப் பங்குனியில் நெட்டேந்தல் முழுக்கப் பரவியிருந்தது. ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பஸ் ஏறப் போகிற ஆளைக்கூடக் காணோம். பழம் செடியிலேயே வதங்கிக் கொண்டிருந்தது. மிளகாய் பறித்துக் களத்தில் கொட்டிக் காய வைத்ததெல்லாம் சேரிப் பெண்கள்தான். அவர்களில் ஒருத்தி காலிலும் கொப்புளம் இல்லை. அதை ஊரில் யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. பறிக்க ஆள் கிடைத்ததே என்று இருந்துவிட்டார்கள்.

அந்த மண்ணில் எங்கே கிணறு தோண்டினாலும் உப்பு. தேவிபட்டினத்துக் கடல் எங்கேயோ கிடந்தாலும் அதன் உப்பு பூமிக்கடியில் ஊர் வரைக்கும் வந்திருந்தது. குடிக்க ஊருணி ஒன்றுதான் கதி. ஊருக்குத் தலைவரான அம்பலம், பூமயிலின் மாமனார் உடையப்பன். விடிந்ததும் அவர் ஊருணிப் படியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, கிழக்கே பார்த்துக் கும்பிட்டு முதல் குடம் எடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் மற்றப் பெண்கள் இறங்கலாம். கோயிலில் முதல் திருநீறு, கிடாவெட்டில் முதல் பங்கு எல்லாம் அந்தக் குடத்தை எடுக்கிறவனுக்குத்தான். உடம்பில் புண் உள்ளவன் அந்தக் குடத்தைத் தொடக் கூடாது. தொட்டது தெரிந்தால் குடம் பங்காளி வீட்டுக்குப் போய்விடும். பங்காளி வீரணன் அதற்காகவே காத்துக் கிடந்தான்.

சீக்குக்குக் காரணத்தையும் அம்பலம் எப்போதோ சொல்லி முடித்துவிட்டார். வறட்சி வருஷத்தில் சேரி இருளம்மாள் இருட்டோடு இருட்டாக வந்து ஊருணியில் ஒரு குடம் மோந்தாளாம். அந்தத் தீட்டில் வந்த வினையாம். அவள் மோந்ததை எவனும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனாலும் அவளை ஊரார் காலில் விழ வைத்து, குடத்தையும் உடைத்தார்கள்.

நெட்டேந்தலின் ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்துக்குப் பூமயில்தான் டீச்சர். மாசியில் பரமக்குடியில் நடந்த வாத்தியார்கள் முகாமுக்குப் போயிருந்தாள். அங்கே பாடம் எடுத்தவர் அப்துல் குத்தூஸ், கீழக்கரைக்காரர். வெள்ளைச் சட்டை கசங்காத மனுஷர். மதராசிலிருந்து டாக்டர்கள் ஜீப்பில் வந்து இந்தப் பக்கத்து ஊருணிகளில் தண்ணீர் மோந்து, கால்களை அளந்து, இங்கிலீஷில் ஓர் ஆராய்ச்சி எழுதியிருந்தார்கள். அதைத் தமிழில் சுருக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்தார்.

"டாக்டர்மாரு எழுதுனது அலமாரிக்குள்ள போயிரும். பிள்ளைங்க விளையாடுறதுதான் வீட்டுக்குப் போகும். இத ஒரு விளையாட்டாக்கி வகுப்புல வைங்க. பாடம்னு சொல்லாதீங்க," என்றார்.

பூமயில் அந்தச் சுருக்கத்தைப் படித்த அன்று சோறு இறங்கவில்லை. கொப்புளம் எரியும், எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைப்பார்கள், வைத்தவுடன் புழு பால் மாதிரி எதையோ கக்கும், அதில் ஆயிரக்கணக்கில் குஞ்சு. அதைத் தண்ணீரில் திரிகிற, கண்ணுக்கே தெரியாத தெள்ளுப்பூச்சி தின்னும். பூச்சியை மனுஷன் தண்ணீரோடு குடிப்பான். அடுத்த வருஷம் அவன் காலில் கொப்புளம். இவ்வளவுதான் சங்கதி. இதைத்தான் ஊர் முழுக்க மண்டிபோட்டுக் குடித்துக் கொண்டிருந்தது.

முதலில் அவள் பரமபதம் மாதிரி ஒரு கட்டம் வரைந்தாள். பாம்பு இருக்கிற இடத்தில் புழு. பிள்ளைகள் சிரித்துச் சிரித்து விளையாடினார்கள். முடிந்ததும், "எப்படிடா ஒனக்குப் புழு வந்துச்சு?" என்று ஒருவனைக் கேட்டாள். "தாயம் விழல டீச்சர்," என்றான். பூமயிலுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. தலையெழுத்து என்று ஊர்ப் பெரிசுகள் சொல்வதும் இதுதானே, இதைச் சொல்லித்தர ஒரு பள்ளிக்கூடமா என்று அட்டையைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

அடுத்து வந்த யோசனை வேறு. சாயங்காலம் முற்றத்தில் உட்கார்ந்து குன்றிமணி பொறுக்கிக் கொண்டிருந்தாள். கட்டிலில் கிடந்த சோணைமுத்து எட்டிப் பார்த்தான்.

"என்ன டீச்சரம்மா, குன்றிமணி பொறுக்குறீக. பொன்னு நிறுக்கத் தட்டாங்கடை வைக்கப் போறீகளா?"

"இதுதான் புழுக்குஞ்சு. அந்தா இருக்கே புளியங்கொட்டை, அது தண்ணி. ஒரு சட்டி நெறையக் கொட்டைய அள்ளி நடுவுல வச்சிட்டா அதான் ஊருணி. ஒரு புள்ள ஒரு வீடு. ஆளுக்கொரு ஓலைக்கொட்டான். கண்ண மூடிக்கிட்டு ஒரு கை அள்ளிக் கொட்டான்ல போட்டு மூடிக்கிடணும். பன்னெண்டு தடவ அள்ளுனா ஒரு வருசம். அதுவரைக்கும் யாரும் தொறந்து பாக்கக் கூடாது."

"குன்றிமணி எப்ப விழுகும்?"

"சீட்டுப் போடுவேன். ஒருத்தனுக்குப் 'புண்'ணுன்னு வரும். அவன் வெளிய சொல்லக் கூடாது. தண்ணி எடுக்குறப்ப மூடுன கையில குன்றிமணிய வச்சு உள்ள விட்டுட்டு வந்துரணும். துணி கட்டி வடிகட்டுற வீட்டுக்கு மட்டும் ஒரு சலுகை. அது கையில அள்ளுனதப் பாத்து, செவப்பா இருந்தா எடுத்து எறியலாம்."

"கடைசி வரைக்கும் எவன் புண்ணுன்னு தெரியாதா?"

"தெரியாது. வந்தவனுக்கு மட்டுந்தான் தெரியும்."

சோணைமுத்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கால் வலி என்று பூமயில் நினைத்தாள்.

வகுப்பில் ஆட்டம் தொடங்கவே தகராறு வந்தது. வாசலோரம் தனியாக உட்காருகிற சேரிப் பிள்ளைகளுக்கும் அவள் கொட்டான் கொடுத்தாள். இருளம்மாள் மகள் பாக்கியம் அதை வாங்கிக்கொண்டு நடுவே வந்தாள். வீரணன் மகன் எழுந்துவிட்டான்.

"டீச்சர், அவுக ஊருணிக்கு வரக் கூடாது."

"இது விளையாட்டுடா."

"விளையாட்டுன்னாலும் ஊருணி ஊருணிதான டீச்சர்?"

அவனைச் சாத்தலாம் போல வந்தது. ஆனால் அவன் சொன்னதும் ஒருவகையில் சரிதான். ஊரில் உள்ளபடி இருந்தால்தானே ஆராய்ச்சி. "சரி. பாக்கியம், நீங்க எங்கன தண்ணி எடுப்பீக?" என்று கேட்டாள்.

"ஓடையில டீச்சர். மணலத் தோண்டுனா ஊத்து வரும். செரட்டையில மோந்து மோந்து குடத்துல ஊத்துவோம்."

"உள்ள எறங்குவீகளா?"

"எங்கிட்டு எறங்க? கைதான் போகும்."

சேரிக்கு வாசலோரம் தனிச் சட்டி வைத்தாள். பிள்ளைகள் கண்ணை மூடி அள்ளினார்கள். பன்னிரண்டு சுற்றும் முடிந்தது. "தொறங்க," என்றாள்.

கொட்டானுக்குக் கொட்டான் சிவப்பு. சீட்டில் துணி வந்த ஒரு வீடு தப்பித்திருந்தது. சேரிக் கொட்டான்களில் வெறும் புளியங்கொட்டை. மறுபடி சீட்டுப் போட்டு ஆடினார்கள், மறுபடியும் அப்படியே. மூன்றாவது தடவை முடிந்தபோது சிரிப்புச் சத்தம் நின்றிருந்தது. வீரணன் மகன்தான் வாயைத் திறந்தான்.

"சேரில இருந்துதான் யாரும் இந்தச் சட்டிக்கே வரலயே டீச்சர். அப்ப நம்மள்லதான் ஒருத்தன் போட்டிருக்கான்."

பூமயிலுக்கே அப்போதுதான் உறைத்தது. ஆட்டத்தைக் கட்டியவள் அவள். ஆனால் இது அவள் யோசித்து வைத்ததில்லை. ஊர் போட்ட கட்டுப்பாடே ஊரைக் காட்டிக் கொடுக்கிறது. சேரியை இறங்க விடாத தண்ணீரில் புழுவை விட்டது யார்? இருளம்மாள் காலில் விழுந்தது எதற்கு? பாக்கியம் தன் கொட்டானை மூடி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக் கொண்டிருந்தாள். பூமயிலின் மகள் முத்தழகு அவளையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

அந்த வாரமே குத்தூஸ் சார் ஆர்.எஸ்.மங்கலத்தில் பஸ் இறங்கி, வாடகைச் சைக்கிளில் வந்து சேர்ந்தார். பிள்ளைகளோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிப் புளியங்கொட்டை அள்ளினார். கொட்டானைத் திறந்து தன் பங்குக்குச் சிவப்பைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது நிஜம்.

"மாஷா அல்லாஹ். டாக்டர்மாரு அத்தனை பக்கம் எழுதினத ஒரு சட்டிக்குள்ள போட்டுட்டீங்கம்மா. ராமநாதபுரத்துல கல்விக் கண்காட்சி வருது. இதக் கண்டிப்பா வைக்கணும்," என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணு. அந்த வாசலோரச் சட்டி வேணாம். அத எடுத்துருங்க."

"ஏன் சார்?"

"பெரிய மனுசங்க வருவாங்க. சேரித் தண்ணி நல்ல தண்ணி, ஊர்த் தண்ணி புழுத் தண்ணின்னு பிள்ளைங்க வாயில வந்தா என்னா ஆகும்? நமக்கு எதுக்கும்மா? நோயப் பத்திச் சொன்னாப் போதும்."

"டாக்டர் எழுதினதுலயே இருக்கு சார். எறங்காத தண்ணியில நோய் இல்லன்னு."

"எழுதியிருக்கு. ஆனா யாருடைய தண்ணின்னு எழுதல பாத்தீங்களா? அவங்க படிச்சவங்க, தெரிஞ்சுதான் விட்டிருப்பாங்க."

நல்ல மனுஷர்தான். போகும்போது பிள்ளைகளுக்குப் பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த நல்ல மனுஷனைப் பார்க்கவே பூமயிலுக்கு அருவருப்பாக இருந்தது.

வெளுக்கிறவர் காலும் நீட்டிக் கிடந்ததால் வீட்டுத் துணியை அவளே துவைத்துக் கொண்டிருந்தாள். மாமனாரின் வேட்டியை உதறினபோது மடிப்பிலிருந்து ஒரு கந்தல் விழுந்தது. மஞ்சளாகக் காய்ந்து விறைத்திருந்தது. எடுத்து மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தினம் காலையில் தன் விரலில் இருக்கிற நாற்றம் அவளுக்குத் தெரியாதா? கந்தலைக் குச்சியால் தள்ளிவிட்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அம்பலம் இப்பல்லாம் ரொம்ப நேரம் சாமி கும்பிடுறாக என்று பெண்கள் குடத்தோடு காத்து நின்றபடி பேசிக்கொள்வார்கள். போன பங்குனியிலும் அப்படித்தான் பேசினார்கள். கும்பிட்டாரா கும்பிட்டார். முழங்கால் தண்ணீரில் எரிகிற காலை வைத்துக்கொண்டு சுகமாக நின்றிருக்கிறார். ஊரே குடம் ஏந்திக்கொண்டு பயபக்தியோடு காத்திருக்கிறது. கரைத்து வைத்திருந்த காலைக் கஞ்சி அவள் ஞாபகத்துக்கு வந்தது. முத்தழகு ஒரு கும்பா குடித்துவிட்டுத்தான் விளையாடப் போயிருந்தாள்.

உள்ளே போய்ப் புருஷன் முன்னால் நின்றாள். "மாமா காலுலயும் இருக்கா?"

அவன் கூரையைப் பார்த்தான்.

"ஒங்களத்தான் கேக்குறேன்."

"போன வருசமே இருந்துச்சு. அப்ப ஒண்ணு போச்சு, இப்ப ஒண்ணு."

"தெரிஞ்சும் அந்தத் தண்ணியக் குடிச்சீகளா? புள்ளைக்கும் குடுத்தீகளா?"

"தண்ணியில வருதுன்னு அப்ப யாருக்குத் தெரியும்?"

"இப்பத் தெரியுமில்ல. அன்னைக்குக் குன்றிமணி பொறுக்குறப்பவே சொன்னேனே. சுவத்தப் பாத்துப் படுத்தீகளே, அப்பத் தெரிஞ்சதில்ல?"

"என்ன செய்யச் சொல்ற? எங்க அய்யா கால வெளிய காட்டுனா வீரணன் அன்னைக்கே குடத்தத் தூக்கிருவான். அப்புறம் இந்த ஊருல எங்களுக்கு என்ன இருக்கு? மொளகாக் கொல்லையும் உப்புக் கெணறுந்தான்."

"எறங்காமயாவது இருக்கச் சொல்லுங்க. படியில நின்னு கயித்த விட்டு மோக்கட்டும்."

"அத நான் எப்படி எங்க அய்யாகிட்டச் சொல்றது?"

அவன் கேட்டது நிஜமாகவே தெரியாமல் கேட்டது மாதிரி இருந்தது. பூமயிலுக்கு அதுதான் ஆகவில்லை. முகாமிலிருந்து வந்ததும் ஒற்றைத் துணியில் வடிகட்டத் தொடங்கியிருந்தவள், அன்றிலிருந்து மகளுக்கும் தனக்கும் தண்ணீரை நாலாக மடித்த வேட்டித்துணியில் வடிகட்டிக் கொதிக்க வைத்தாள். மாமனாரிடமும் அன்றைக்கே போனாள்.

"மாமா, ஒங்க காலுக்கு வைத்தியம் பாக்கணும்."

"எனக்கு வாதம்," என்றார் அவர், வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே.

"கந்தல நான் பாத்தேன் மாமா."

அவர் வெற்றிலையைக் கீழே வைத்தார். "நீ படிச்ச புள்ள, மருமக, அதனால சொல்றேன். எங்க பாட்டன் காலத்துல இருந்து அந்தக் குடம் இந்த வீட்டுல இருக்கு. சாமி காரியத்துல நிக்கிறவன் காலு சாமி காலு. அதுல சீக்கு நிக்காது. நீ ஒன் சட்டியையும் புளியங்கொட்டையையும் பள்ளிக்கூடத்தோட வச்சுக்க."

நின்றபடியே கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள். ஆனால் ஆட்டம் பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை. மூன்று தடவை கொட்டானைத் திறந்து பார்த்த பிள்ளைகள் வேறு என்ன செய்யும்? முத்தழகு மத்தியானச் சாப்பாட்டு மணிக்குப் பாக்கியத்தோடு ஓடைக்குப் போய், மணலில் குப்புறப் படுத்து, ஊற்றில் சிரட்டையால் மோந்து வயிறு நிறையக் குடித்திருக்கிறாள். வீரணன் ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போன இடத்தில் அதைப் பார்த்துவிட்டான். அவனுக்குக் கும்பிடப் போன சாமி குறுக்கே வந்தது.

சாயங்காலமே கோயில் வாசலில் ஊர் கூடியது. "அம்பலத்து வீட்டுப் பேத்தி சேரி ஊத்துல வாய வச்சுக் குடிச்சிருக்கு. தீட்டுப்பட்ட வீட்டு ஆளு விடிஞ்சா முதக் குடம் எடுக்கலாமா? ஊருதான் சொல்லணும்," என்றான் வீரணன்.

அம்பலம் அசரவில்லை. "பச்சப் புள்ள தெரியாமச் செஞ்சது. காலையில நான் முதக் குடம் எடுத்த கையோட, ஊருணித் தண்ணிய என் கையால ஊரறியப் புள்ளைக்குக் குடுப்பேன். அதுல தீட்டுப் போயிரும். வேற பரிகாரம் வேணுமா?"

ஊருக்கு அது நியாயமாகப் பட்டது. வீரணனும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று. நடக்க முடிந்த ஆட்கள் போய்ச் சேரி ஊற்றில் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டு வந்தார்கள். இருளம்மாளை இன்னொரு தடவை காலில் விழச் சொன்னார்கள், விழுந்தாள். அம்பலம் பள்ளிக்கூடத்துக்குப் போய் நடுச்சட்டியைத் தூக்கி வாசலில் போட்டு உடைத்தார். வாசலோரச் சட்டியைத் தொட்டால் தீட்டு என்று அதைக் காலாலும் தொடவில்லை.

"புள்ளைய எங்க ஊருக்கு அனுப்பீருறேன்," என்றாள் பூமயில் புருஷனிடம்.

"அனுப்புனா பயந்து ஓடிட்டாகன்னு ஆகும். ஒரு வாய்த் தண்ணிதான, விடு."

"ஒரு வாய்த் தண்ணியா? ஒங்க காலப் பாருங்க. இது எத்தன வாய்த் தண்ணின்னு நெனைக்கிறீக? இந்தப் பிஞ்சுக் காலுல குச்சியக் கட்டி நான் சுத்தணுமா?"

அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். கடைசி பஸ் போய்விட்டிருந்தது.

காலையில் ஊருணிக் கரையில் ஊரே நின்றது. பங்குனித் தண்ணீர் பாதிக்கும் கீழே போய், ஓரமெல்லாம் பச்சை கட்டியிருந்தது. குடத்தோடு பெண்கள், கம்பு ஊன்றிய ஆம்பளைகள். பூமயில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்கு மேலே நின்றாள். சோணைமுத்துவும் ஒரு கம்பை ஊன்றி நொண்டிக்கொண்டு வந்திருந்தான். அம்பலம் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்று கை கூப்பினார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். 

அவர் முதல் குடத்தை எடுத்துக் கரையில் வைத்தார். அப்புறம் ஒரு செம்பில் மோந்துகொண்டு படியேறினார். நனைந்த வேட்டி ஒதுங்கியிருந்தது. உள்ளே கட்டியிருந்த கந்தல் தண்ணீரோடு போய்விட்டது அவருக்குத் தெரியவில்லை. கணுக்காலுக்கு மேலே, வெள்ளையாக, சாண் நீளத்துக்கு அது தொங்கிச் சொட்டிக் கொண்டிருந்தது.

 பார்த்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். வீரணன்தான் கேட்டான். "அம்பலம், காலுல என்ன தொங்குது?"

அம்பலம் குனிந்து பார்த்தார். "பாசி," என்றார்.

"பாசியா?"

"பாசிதான். ஊருணியில பாசி இல்லாம என்ன இருக்கும்? முத்தழகு, இங்கிட்டு வா தாயி."

பிள்ளை நகரவில்லை. பூமயில் அவள் கையை விடவில்லை. "அது பாசி இல்ல," என்றாள். எல்லோருக்கும் கேட்டது. "அது புழு. ஒங்க எல்லாரு காலுலயும் இருக்கிற அதே புழு. போன வருசமும் இருந்துச்சு. இந்தக் காலத்தான் தெனமும் தண்ணிக்குள்ள வச்சாக, அதத்தான் நாம குடிச்சோம். இருளம்மா ஒண்ணும் செய்யல."

கூட்டம் சலசலத்தது. வீரணன் முன்னால் வந்தான். "மருமகளே சொல்லீருச்சு. புண்ணுக் காலு. இனிமே முதக் குடம்..."

"பாசிதான்," என்று ஒரு குரல். சோணைமுத்து கம்பை ஊன்றிப் படிக்கு வந்திருந்தான். பூமயிலைப் பார்க்கவில்லை. "எம் பொஞ்சாதி படிச்சுப் படிச்சு எதக் கண்டாலும் புழுன்னு சொல்லும். பேச்ச விடுங்க. புள்ளைக்குப் பதிலா பெத்தவன் குடிச்சாலும் தீட்டுப் போயிரும்ல? எங்க அய்யா காலுல புண்ணு இருந்தா, அந்தத் தண்ணியப் பெத்த மகன் குடிப்பானா? இந்தா குடிக்கிறேன், எல்லாரும் பாத்துக்கங்க."

அப்பா கையிலிருந்து செம்பை வாங்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டான். அவன் தொண்டைக்குழி ஏறி ஏறி இறங்குவதைப் பூமயில் பார்த்தாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு வெறும் செம்பைக் கவிழ்த்துக் காட்டினான்.

அவ்வளவுதான், ஊருக்கு மூச்சு வந்தது. அதற்கு மேலே என்ன சத்தியம் வேண்டும்? மகனே குடித்துவிட்டான். வீரணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அம்பலம் வேட்டியை இழுத்துவிட்டு, மகன் தோளில் கை வைத்து நடந்தார். பெண்கள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முட்டி மோதி இறங்கினார்கள், முழங்கால் வரைக்கும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு.

பூமயில் கருவை மரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். குடலே வெளியே வந்துவிடும் போல எடுத்தாள். குடத்தோடு போன இரண்டு பேர் நின்று பார்த்துச் சிரித்தார்கள்.

"என்ன டீச்சர், விசேசமா? சொல்லவே இல்லையே," என்றாள் ஒருத்தி. "இந்தாங்க, வாயக் கொப்பளிங்க," என்று குடத்தைச் சாய்த்தாள்.

வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்தாள். முத்தழகு பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தாள். தூரத்தில் அப்பனும் மகனும் ஒருத்தரை ஒருத்தர் தாங்கிக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே மாதிரி நொண்டிக்கொண்டு போவது தெரிந்தது.

"அம்மா, அந்தத் தண்ணியக் குடிச்சாகளே, அய்யாவுக்கு அடுத்த பங்குனிக்கும் வருமா?"

"வரும்," என்றாள் பூமயில்.